ஒரே ஆள் போதும்

சம்பந்தமூர்த்தி குருக்கள் வீட்டுப் பிள்ளை. ஆனால் குருக்கள் இல்லை. திருவண்ணாமலையில் இப்படிச் சொன்னால் பலருக்கும் விளங்கிவிடும். வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் குடும்பத்து வழக்கப்படி, பெண்டாட்டி இல்லாதவனுக்குக் கருவறையில் பூஜை செய்ய முறை கிடையாது. மந்திரம் தெரிந்திருக்கலாம், குரல் கணீரென்று இருக்கலாம், விடியுமுன் எழுந்து குளிக்கிற பழக்கம் இருக்கலாம். அதெல்லாம் பேச்சுக்கே வராது. பக்கத்தில் ஒருத்தி இருந்தால்தான் சுவாமியைத் தொடலாம்.

பெண் பார்க்காமல் இல்லை. பார்த்துப் பார்த்து அப்பாவின் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். “பையன் கோயில்ல இருக்கானா, கம்பெனியில இருக்கானா?” என்று பெண் வீட்டில் கேட்பார்கள். கோயில் என்றதும், அதுவரை பொருந்தியிருந்த ஜாதகம் திடீரென்று பொருந்தாமல் போய்விடும். வருகிறவர்கள் எல்லாம் சுவாமிக்கு அர்ச்சனை செய்ய ஆள் வேண்டும் என்பார்கள். தங்கள் பெண்ணை அந்த ஆளுக்குக் கொடுக்க மட்டும் மாட்டார்கள். கடைசியில், கோயிலில் குடும்பத்துக்கு உள்ள முறை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று தம்பி சரவணபவனுக்கு முதலில் கல்யாணத்தை முடித்தார்கள். அந்தக் கல்யாணத்தில் ஓடியாடி எல்லா வேலையும் செய்தவர் சம்பந்தமூர்த்திதான். அது முடிந்த கையோடு செங்கம் ரோட்டில் ஒரு வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

அது ஏரி மண்ணை ஆராய்கிற கூடம். ரமணாசிரமத்தைத் தாண்டி, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்கு நடுவில் ஒரு வாடகை வீடு. வழி தவறி வருகிற வெள்ளைக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் நிற்கும் மண் குழாய்களைப் பார்த்துக் கைகூப்பியதும் உண்டு. யாரும் அவர்களைத் திருத்தியதில்லை.

ஏரியின் அடியில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயை அழுத்தி இறக்கினால், அதற்குள் சேறு நிறைந்து வரும். மேலே இருப்பது போன மழைக்கு வந்த வண்டல். அடியில் இருப்பது, ஏரிக்குக் கரை போட்டவனின் பாட்டன் காலத்து மண்ணாகக்கூட இருக்கலாம். அந்த மண் தண்டைக் கூடத்தில் எல்லாரும் கோர் என்பார்கள். ஏரியிலிருந்து மட்டுமல்ல, கடலோரத்திலிருந்தும் கோர் வரும். அது வருகிற நாளில் அழுகிய முட்டை நாற்றம் பக்கத்து விடுதியின் காப்பிக் கடை வரைக்கும் போகும். எதுவாக இருந்தாலும் மேலிருந்து கீழாக, ஒரு சென்டிமீட்டர் கனத்தில், வில்லை வில்லையாக அறுத்துத் தனித்தனிப் பையில் போட வேண்டும். எப்போது மழை கொட்டியது, எப்போது பொய்த்தது என்பதை அந்த வில்லைகளிலிருந்து கண்டுபிடிப்பது சைலஜா மேடத்தின் வேலை. கூடத்துக்குத் தலைமை அவர்தான். அறுத்துக் கொடுப்பது சம்பந்தமூர்த்தியும் கஸ்தூரியும்.

கேட்டால் வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரி இருக்கும். அப்படி நினைத்துக்கொண்டு வேலைக்கு வந்த இரண்டொருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். குழாயை நட்டுக்குத்தாக நிறுத்தி, அடியில் ஒரு லாரி ஜாக்கியைப் பொருத்தியிருப்பார்கள். ஒருவர் தரையில் உட்கார்ந்து ஜாக்கியைத் திருக, மண் மெல்ல மேலே ஏறும். இன்னொருவர் முக்காலியில் நின்று, குழாய் வாயில் வைத்த வளையத்துக்குள் மண் சரியாக நிரம்பியதும் நிறுத்தச் சொல்லி, மெல்லிய தகட்டைச் செருகி அறுக்க வேண்டும். கீழே இருப்பவருக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. மேலே இருந்து வருகிற குரலை நம்பித்தான் கை திரும்ப வேண்டும்.

“ஏத்துங்க சாமி... ம்... ம்... போதும்.”

கஸ்தூரியின் குரல் அது. அடி அண்ணாமலையில் வீடு. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே பெண் பூஜா, கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். கஸ்தூரிக்கு எல்லாரையும் போலச் சம்பந்தமூர்த்தியும் சாமிதான். சுவாமியைத் தொட முடியாத ஒருவரைச் சாமி என்று கூப்பிடுவதில் உள்ள வேடிக்கை அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒரு வில்லைக்கும் அடுத்த வில்லைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். அறுத்ததை எடுத்து, குழாயில் உரசின ஓரத்தைச் சீவித் தள்ளி, பையில் போட்டு, தகட்டை ஈரத்துணியாலும் உலர்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். மேல் வில்லையின் மண் கீழ் வில்லையில் ஒட்டிவிட்டால் இரண்டு காலமும் கலந்துபோய் எல்லாம் பாழ். கஸ்தூரி துடைத்துக்கொண்டே பேசுவாள். மகள் போனில் சொன்னது, பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையோடு குழாயடியில் வந்த சண்டை, பௌர்ணமிக்கு வீட்டு வாசலில் போடுகிற சுக்குக் காப்பிக் கடையில் ஒரு கிரிவலக்காரர் செருப்பைத் தேடி அழுதது, எல்லாம் வரும். சம்பந்தமூர்த்தி கீழே உட்கார்ந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பங்குக்கு ஒரு “ம்”, எப்போதாவது ஒரு “அப்புறம்?” அவ்வளவுதான். நீளமான கோர் என்றால் இரண்டு நாள் பேச்சு.

வீட்டில் அவருக்குப் பேச்சு கிடையாது என்று சொன்னால் தம்பி குடும்பத்தைக் குறை சொன்னதாகிவிடும். நல்லவர்கள்தான். தம்பி பெண்டாட்டி வித்யாலக்ஷ்மி தினமும் மாடிப்படியில் நின்று, “அண்ணா, சாதம் மூடி வச்சிருக்கேன், சாப்பிட்டுடுங்கோ” என்பாள். பிறகு அவள் குழந்தைகளைப் பார்க்கப் போய்விடுவாள். சம்பந்தமூர்த்தி கொல்லையில் குளித்து, நகத்திடுக்கில் இருக்கும் சேற்றைச் சுரண்டி எடுத்து, மூடி வைத்த சாதத்தைத் திறந்து சாப்பிடுவார். பகலில் கேட்ட பேச்சை ராத்திரி மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது அவருக்கு வழக்கம். அதற்கு என்ன பேர் என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்கிற சுபாவம் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

கஸ்தூரிக்குத் தோள் வலி வந்தது. நாள் முழுக்கக் கையைத் தூக்கித் தூக்கி அறுத்தால் வராமல் என்ன செய்யும்? மத்தியானம் ஆனதும், “தோள் போச்சு சாமி, இந்தக் கையைக் கழட்டி ஒரு ஓரமா வச்சிடலாம் போல” என்பாள். சொல்லிவிட்டு அடுத்த வில்லைக்குத் தயாராகிவிடுவாள். ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை. கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வார்த்தை தைத்துக்கொண்டே இருந்தது. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எது வலிக்கிறதோ அதற்கு ஒரு ஸ்க்ரூ, ஒரு ஸ்பிரிங், ஒரு தகடு.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் வல்லரசுவிடம் போனார். மாதக்கணக்கில் போனார். “இன்னா சாமி, பொங்கல் கிண்டுற மிஷினா?” என்று வல்லரசு கேலி பண்ணினான். சம்பந்தமூர்த்தி பிடிகொடுக்கவில்லை. காலால் மிதிக்க ஒரு பெடல். ஒரு மிதிக்கு மண் சரியாக ஒரு சென்டிமீட்டர் ஏறி, பல்லில் மாட்டி ‘டக்’கென்று நின்றுவிடும். அறுக்கிற தகடு இரண்டு கம்பிகளின் மேல் சறுக்கி ஓடும். கைப்பிடியை முழங்கை உயரத்திலேயே பிடித்துத் தள்ளினால் போதும். முன்னால் ஒரு உயரமான நாற்காலி, சாய்ந்துகொள்ள முதுகோடு. கையைத் தூக்கவே வேண்டாம். கஸ்தூரி மகாராணி மாதிரி உட்கார்ந்து அறுப்பாள். தான் பக்கத்தில் உட்கார்ந்து பையை நீட்டிக்கொண்டு கதை கேட்கலாம். அவருடைய கற்பனையில் அந்தக் காட்சி இப்படித்தான் இருந்தது. பையை மாட்ட ஒரு கொக்கி வைத்தால் வசதி என்று வல்லரசு சொன்னான். சரி, வை என்றார். தன் இடத்தைத் தானே எடுத்து அந்தக் கொக்கிக்குக் கொடுத்துவிட்டது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

ஆயுத பூஜைக்கு மிஷின் வந்து இறங்கியது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் சம்பந்தமூர்த்தி பூஜை செய்கிற நாள். ஜாக்கிக்கும் தகட்டுக்கும் வளையத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அந்தக் கணீர்க் குரலில் மந்திரம் சொல்லிக் கற்பூரம் காட்டுவார். இவற்றைத் தொடப் பெண்டாட்டி வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. கற்பூரம் அணைந்ததும் மிஷின் மேல் போர்த்தியிருந்த வேட்டியை இழுத்தார். “கஸ்தூரி, உட்காருங்க” என்றார்.

கஸ்தூரி உட்கார்ந்தாள். பழைய மண் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். மிதித்தாள், ‘டக்’. தள்ளினாள், வில்லை அறுந்து வந்தது. இன்னொரு தடவை மிதித்தாள், தள்ளினாள். கொக்கியில் தொங்குகிற பையைப் பார்த்தாள். கீழே, எப்போதும் சம்பந்தமூர்த்தி உட்காருகிற தரையைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு சாமி” என்றாள். குரல் மெல்லத்தான் வந்தது. மனுஷன் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். ஆண்களுக்குப் பல சமயம் பார்வை அவ்வளவுதான்.

சைலஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “சார், ஒரே ஆள் போதும் போல இருக்கே!” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். சம்பந்தமூர்த்தியும் சிரித்தார். பொரி கடலை சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

சைலஜா கெட்டவர் இல்லை. சொன்னதைச் சந்தோஷத்தில்தான் சொன்னார். ஆனால் சென்னையில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அந்தச் சங்கதி போனது. கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் வடிந்ததும் பெரியவர்கள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் வருவதற்கு முன்பு சைலஜா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

“சார், இதை நீங்க வேற யார் மூலமாவும் கேக்கக் கூடாதுன்னு சொல்றேன். அடுத்த வருஷத்துக்கு ஆள் குறைக்கச் சொல்றாங்க. அறுக்குறதுக்கு ரெண்டு பேர் கண்டிப்பா வேணும்னு இத்தனை நாள் சொல்லிட்டிருந்தேன். அவங்க வந்து மிஷினைப் பாத்துட்டா, அதுக்கப்புறம் அப்படிச் சொல்ல முடியாது. மிஷினைப் பண்ணினவர் நீங்க, அதனால உங்களை வச்சுப்பாங்க. கஸ்தூரியக்காவுக்கு வேற பிரிவுல இடம் கேட்டேன். இல்லைன்னுட்டாங்க.”

சம்பந்தமூர்த்திக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது உட்கார இடம் தேடினார். “மிஷின் சரியா ஓடலைன்னா?” என்று கேட்டார்.

சைலஜா அவரைப் பார்த்தார். “ஓடலைன்னா ரெண்டு பேர் வேணும்னு நானே சண்டை போடுவேன்” என்றார்.

அதனால் விஷயம் சம்பந்தமூர்த்தியின் கைக்கே வந்துவிட்டது. பெடலின் பல்லை ஒரு திருகு தளர்த்தினால் போதும். மண் சென்டிமீட்டருக்கு மேல் எகிறும், தகடு இழுக்கும், வில்லை குழையும். வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்கள். கஸ்தூரி இருப்பாள். அவர்கள் வருகிற நாள் காலையில் சீக்கிரமே போய், ஸ்பானரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆனால் அன்றைக்கு வைத்திருந்த கோர் பழைய மண் இல்லை. செங்கம் பக்கத்து ஏரி ஒன்றில் எல்லாருமாக இறங்கி எடுத்தது. அந்த இடத்தில் கிடைத்தது அது ஒன்றுதான். சாய்ந்தால் மேல் சேறு கலங்கிவிடும் என்று, குண்டும் குழியுமான ரோட்டில் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து, குழாயை நிமிர்த்தி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவள் கஸ்தூரி. தோள் வலியோடுதான் வந்தாள். அவளைக் காப்பாற்ற, அவள் காப்பாற்றிக்கொண்டு வந்ததைப் பாழாக்க வேண்டும். அதுதான் அவருக்கு வந்த சோதனை.

பெரியவர்கள் வந்தார்கள். சைலஜா கைகட்டி நின்றார். கஸ்தூரி கதவோரம் நின்றாள். சம்பந்தமூர்த்தி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். ஸ்பானர் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. மிதித்தார், ‘டக்’. தள்ளினார். மேல் வில்லை, தயிர் மாதிரி தளதளவென்று இருக்கிற அந்த மண், ஓரம் கலையாமல் வந்தது. ஓரத்தைச் சீவினார். பையில் இறக்கினார். துடைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது.

மண்ணைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லார் கண்ணும் தன் கை மேல் இருந்தது அவருக்குப் பிடித்திருந்தது. அந்த வயது வரைக்கும் யாரும் அவரை உட்கார வைத்து, சுற்றி நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்ததில்லை. சந்நிதியில் தம்பிக்குத் தினம் கிடைக்கிறது அது. அந்தச் சந்தோஷத்தில், திருகைத் தளர்த்த வேண்டும் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. ஞாபகம் வந்தபோது கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கதவோரத்தில் யாரும் இல்லை.

பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. கஸ்தூரிக்கு ஒரு சால்வையும் குத்துவிளக்கும் கொடுத்தார்கள். பூஜா ரொம்ப நாளாக, “இங்க வந்து என்கூட இரும்மா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேலை இருக்கிறது என்றுதான் கஸ்தூரி இத்தனை வருஷம் தட்டிக்கழித்தாள். இனி அந்தச் சாக்கு இல்லை. பௌர்ணமிக்குக் கடையை முடித்துவிட்டு மறுநாள் பெங்களூருக்குப் போவதாகக் கூடத்தில் சொன்னார்கள். சம்பந்தமூர்த்தியிடம் அவள் நேரில் சொல்லவில்லை.

பௌர்ணமியன்று சாயங்காலம் அவர் அடி அண்ணாமலைக்கு நடந்தார். ரோடு முழுக்கத் தலைகள். கஸ்தூரி வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, அடுப்பில் சுக்குக் காப்பி கொதிக்க, தண்ணீர் பாட்டில் அடுக்கியிருந்தது. திறந்திருந்த கதவு வழியாக, கயிறு கட்டின இரண்டு பெட்டிகள் தெரிந்தன.

“வாங்க சாமி. கிரிவலமா?”

“இல்ல. உங்களத்தான் பாக்க வந்தேன்.”

ஒரு டம்ளர் காப்பியை நீட்டினாள். அவர் வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டினார். “நான் மேடத்துகிட்ட சொல்றேன். மிஷின் இழுக்குது, ஒரு ஆளால முடியாதுன்னு சொல்றேன். பெடல் பல்லைத் தேய்ச்சு விட்டுட்றேன். யாருக்குத் தெரியப்போவுது? நீங்க இருங்க.”

“நல்லா ஓடுற மிஷினை ஏன் சாமி குறை சொல்றீங்க? அன்னைக்குத்தான் பாத்தேனே. வில்லை வில்லையா என்னமா வந்துச்சு.”

“உங்க தோளுக்காகத்தான் அதைப் பண்ணேன், கஸ்தூரி. சத்தியமா அதுக்காகத்தான்.”

“தெரியும்.” அவள் அடுப்பைக் குறைத்தாள். நாலு பேர் வந்து தண்ணீர் பாட்டில் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் போனதும் திரும்பினாள். அவ்வளவு நாளும் முக்காலியின் மேலே இருந்து வந்த குரல், இப்போது எதிரே இருந்து வந்தது.

“வலிக்குதுன்னு சொன்னேன் சாமி. வாஸ்தவம்தான். என்னைக்காவது மருந்து கேட்டேனா? வீட்டுல சொல்ல ஆள் இல்ல. அங்க நீங்க இருந்தீங்க, காது குடுத்துக் கேட்டீங்க. அதனால சொன்னேன். நீங்க கேட்டதே எனக்குப் போதும்னு இருந்துச்சு. நீங்க என்னடான்னா போய் ஸ்க்ரூ தேடிட்டு இருந்திருக்கீங்க.”

சம்பந்தமூர்த்தி டம்ளரைக் கை மாற்றிப் பிடித்தார்.

“சரி, நான்தான் இத்தனை வருஷமா என் வலி எல்லாம் சொன்னேன். நீங்க ஒரு தடவையாவது உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு சொன்னீங்களா? ‘ம்’முன்னுவீங்க, ‘அப்புறம்’முன்னுவீங்க. கீழ ஆள் இருக்காரா, இல்ல ஜாக்கி மட்டும்தான் இருக்குதான்னு எனக்கே சில நேரம் சந்தேகம் வரும்.”

ரோட்டில் ஒரு கூட்டம் சத்தமாக நாமம் சொல்லிக்கொண்டு போனது. அது தாண்டிப் போகட்டும் என்று இருவரும் நின்றார்கள். போகவில்லை, பின்னால் இன்னொரு கூட்டம் வந்தது. இனியும் காத்திருந்தால் சொல்ல வாயே வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சத்தத்தின் நடுவிலேயே சொன்னார். “எனக்கு வேற யாரும் இல்ல, கஸ்தூரி. வீட்டுக்குப் போனா சாதம் இருக்குது, பேச ஆள் இல்ல. காலையில எழுந்திருக்கிறதே உங்க குரலைக் கேக்கத்தான். நீங்க போனா நான் என்ன பண்ணுவேன்னு பயமா இருக்கு.”

அவளுக்குக் கேட்டதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். கேட்டிருந்தது. கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது.

“இதை ஆயுத பூஜை அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா, அந்த மிஷினை நானே சுத்தியல் எடுத்து உடைச்சிருப்பேன் சாமி” என்றாள். “இப்ப புள்ளைகிட்ட வரேன்னு சொல்லிட்டேன். எனக்குன்னு ரூமைக் கூட காலி பண்ணி வச்சிட்டா. காப்பி ஆறிப்போவுது, குடிங்க.”

குடித்தார். டம்ளரைக் கழுவி வைக்கப் போனார். அவள் வாங்கிக்கொண்டாள். அதற்குள் பெஞ்சைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர் கூட்டத்தோடு சேர்ந்து நடந்து மலையைச் சுற்றி வீடு வந்து சேர்ந்தார்.

அந்த வாரமே கடலோரத்திலிருந்து நீளமான கோர் ஒன்று வந்தது. முன்பெல்லாம் இரண்டு நாள் பிடிக்கிற அளவு. சம்பந்தமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து மிதித்தார், தள்ளினார், துடைத்தார். ஒரு வில்லைகூடக் குழையவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. சைலஜா வந்து பைகளைப் பார்த்து, “அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா சார்!” என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார். மிஷினைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டார். தரையைக் கூட்டினார். பிறகும் நிறையப் பகல் மிச்சமிருந்தது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.